நூம்பல் தீவில் இருபத்தைந்து சுற்று

எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் மனிதனைப் பார்த்தால், ஒன்று பைத்தியம் என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் அதிகாரி என்று நினைப்பார்கள். என் வீட்டில் எனக்கு முதல் மரியாதைதான் எப்போதும். இரண்டாவது, ஒரே ஒரு நாள் கிடைத்தது.

அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றின் சரக்கறையில் முப்பத்தோரு ஆண்டுகள் நட்டும் போல்ட்டும் எண்ணியவன் நான். ஓய்வுக்குப் பின் நட்டு இல்லாததால், பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு, என் மனைவி சரோஜாவின் பெருமூச்சு என்று கிடைத்ததை எண்ணிவந்தேன். மழைக்காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு, தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று எண்ணுவேன். (மொத்தம் நான்கு படி. மூன்றாவது மூழ்கினால் சாமான்களைப் பரணில் ஏற்றுவேன்.)

இதைப் பார்த்துப் பார்த்து மகன் பிரபுவுக்கு அலுத்துவிட்டது. நூம்பல் வீட்டை விற்றுவிட்டு, கரையான்சாவடியில் அவன் இருக்கும் மூன்றாவது மாடிக்கு வரச் சொன்னான். எனக்கு விருப்பமில்லை. லிஃப்டில் போகிறவன் படியை எப்படி எண்ணுவான்? அவன் என் முழங்காலைச் சுட்டிக்காட்டி வாதாட, நான் வீம்புக்கு ஒரு காரியம் செய்தேன். ராமேஸ்வரம் தீவில், ஊரிலிருந்து கடலுக்குள் நீளும் கோடியான அரிச்சல்முனை வரை முதியவர்கள் நடக்கும் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

"முழுசா நடந்து முடிச்சுட்டீங்கன்னா வீட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்," என்றான் பிரபு. "முடியலைன்னா பொங்கல் கரையான்சாவடியில. சரியா?"

சரி என்றேன்.

இடையில் வந்த புயலுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. தீவுச் சாலையை மணலால் மூடிவிட்டு, மிச்சமிருந்த மழையை எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டியது. நடை ரத்து. முன்கூட்டியே வந்துவிட்ட மஞ்சள் தொப்பியும் கழுத்தில் மாட்டும் அட்டையும்தான் மிச்சம்.

மொட்டைமாடியில் நின்று யோசித்தேன். எங்கள் குடியிருப்புக்கு மூன்று பக்கம் மழைநீர். நான்காவது பக்கம், கால்வாய் என்று சொல்லப்படும் சாக்கடை. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று பள்ளியில் படித்தது இதைத்தானே? விளிம்புத் தெருக்களை ஒரு தடவை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தைந்து சுற்று சுற்றினால் அரிச்சல்முனை. ஃபோனில் சொன்னதும் பிரபு வெகுநேரம் சிரித்தான். பிறகு, சாயங்காலம் வந்து கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டான்.

என்னோடு நடைக்குப் பெயர் கொடுத்திருந்த நண்பர்கள் இருவரும் எங்கள் குடியிருப்புதான். சூசை, பழைய ஃபிட்டர். காதர் பாய், பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருப்பவர். சுற்றுகளை எண்ண அவர் ஒரு சின்னக் கருவி கொடுத்தார். தஸ்பீஹ், அதாவது இறைத்துதி, எண்ணி ஓதுகிறவர்கள் விரலில் மாட்டிக்கொண்டு அமுக்குவது. அமுக்கினால் 'டிக்' என்று ஓர் எண் ஏறும். ஏறியது இறங்காது.

தொப்பி, அட்டை, கையில் ஆளுக்கொரு கம்பு. (பாம்புக்காக.) தொடக்கக் கோடு, பின்தெருவில் டெய்லர் வேலுவின் வீட்டு வாசல் மின்கம்பம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அங்கே நின்று, கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, ஒரு டிக்.

பின்தெரு பள்ளம். வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் அன்றுதான் வடிந்திருந்தது. அங்கே இருப்பவர்கள் வாடகைக்காரர்கள், எங்களைத் தெரியாது. வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வரும் என்று வாசலிலேயே காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு, அட்டை மாட்டிய மூன்று பெரியவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினோராவது டிக் விழுந்ததும், எதிர்வீட்டுக் கன்னியம்மா கையில் துடைப்பத்தோடு வழியை மறித்தார்.

"இன்னா சார், காலையிலேர்ந்து பாத்துகினே கீறேன். வேலு ஊட்டுக்கு மட்டும் பதினோரு வாட்டி அமுக்கினே. எங்க ஊட்டாண்ட ஒரு வாட்டி நின்னியா?"

"அவன் இன்னா உனுக்கு மச்சானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

இது ராமேஸ்வரம், அந்தக் கம்பம் அரிச்சல்முனை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. நான் மழுப்புவதாகத் தெருவே முடிவு செய்தது. கன்னியம்மா என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஊறிப்போன மெத்தையைக் காட்டினார்.

"அமுக்கு."

அமுக்கினேன். பிறகு மிக்ஸி. பிறகு கிரைண்டர், அரிசி மூட்டை, ஒற்றைச் செருப்பு. பிறகு அடுத்த வீடு. இதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க ஆசைதான். உண்மையில், எண்ணுவதற்கு இவ்வளவு பொருள் ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒப்பந்தம் நினைவில் இருந்ததால் நடையையும் விடவில்லை. போகிற வழியெல்லாம் ஆட்கள் கூப்பிட, கம்பத்துக்கு ஒரு டிக், கட்டிலுக்கு ஒரு டிக் என்று சுற்றினேன். காதர் பாய் கூட்டத்தை வரிசையில் நிறுத்தினார். சூசை ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "அங்க வாஷிங் மெஷின உட்டுட்ட பாரு மாமே," என்று குரல் கொடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில், கூட்டம் என் பின்னாலேயே என் வீட்டு வாசல் வரை வந்திருந்தபோது, பிரபு வந்து கருவியை வாங்கிப் பார்த்தான். முந்நூற்று நாற்பத்தாறு. இதில் சுற்று எத்தனை, மிக்ஸி எத்தனை என்று கேட்டான். தெரியவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாகக் கணக்கு தப்பியிருந்தது.

"அப்பா, இதுப்படி பார்த்தா நீங்க அரிச்சல்முனையில நிக்கவே இல்லை. கடல்ல இறங்கி, இலங்கையில கரையேறி, அந்தப் பக்கமும் ரொம்ப தூரம் போயிட்டீங்க."

கரையான்சாவடி லிஃப்டின் கதவு கண்முன் திறந்தது. நடந்ததற்குக் கணக்கு இல்லை, பொங்கலுக்குள் சாமான் கட்டிவிடலாம் என்று அவன் சொன்னது கன்னியம்மாவின் காதில் விழுந்தது.

"எங்க இட்டுகினு போற நைனா? எங்க தெருக் கணக்கு மொத்தம் இவரு வெரல்ல கீது. துட்டு வர்ற வரைக்கும் இவரு இந்த ஊட்ட உட்டு நகரக் கூடாது."

அவர் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். முப்பத்தெட்டுப் பேரோடு வாதாடும் பிள்ளை இல்லை பிரபு.

பிறகு உண்மையான கணக்கெடுப்பு நடந்து, நிவாரணம் முறைப்படி வந்து சேர்ந்தது. எனக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். பெரிய மனிதர் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார் என்று கன்னியம்மா எல்லோருக்கும் விளக்கம் கொடுத்துவிட்டார். நான் ஊரைவிட்டுப் போகிற பேச்சை எடுத்தால் இப்போதும் பின்தெரு திரண்டு வந்துவிடும். அதனால் பிரபு எடுப்பதில்லை. டெய்லர் வேலு மட்டும் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. எல்லோருக்கும் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைத்தது. கன்னியம்மா எண்ணிச் சொன்ன பதினொன்றில் மிச்சம் பத்து டிக் எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

பொங்கல் நூம்பலிலேயே பொங்கியது. பால் வழிந்தாலும் தம்ளர் உடைந்தாலும், சரோஜா திரும்பிப் பார்க்காமலே, "அமுக்குங்க," என்பாள். கருவி விரலிலேயே இருந்தும் நான் அமுக்குவதில்லை, கௌரவம் என்று ஒன்று இருக்கிறது.

போன வாரம் நான்காவது படியில் வழுக்கி விழுந்தேன். சிராய்ப்புதான். பிரபுவிடம் சரோஜா ஃபோனில் சொன்னபோது, அவன் முதலில் கேட்டது, "அமுக்கினாராம்மா?"

அமுக்கியிருந்தேன். முந்நூற்று நாற்பத்தேழு.