'கொழுந்து லொறி'யின் ஆறாம் வெளியீடு

பெல்மதுளைச் சந்தியில் போன் பழுதுபார்க்கக் கொடுத்த எவரும் 'அப்டேட்'டிடமிருந்து தப்பியதாகச் சரித்திரம் கிடையாது. கண்ணாடி உடைந்த போனைக் கொடுத்தால் புதுக் கண்ணாடியோடு திரும்பி வரும். கூடவே, கேட்காமலே, 'கொழுந்து லொறி' என்றொரு விளையாட்டும் உள்ளே இருக்கும்.

ஊரே 'அப்டேட்' என்று கூப்பிடும் அவருடைய சொந்தப் பெயர் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் ஐந்து வருடம் நின்ற எனக்கே தெரியாது. விளையாட்டை உருவாக்கியவர் அவரேதான். திரையில் ஒரு லொறி. கோணல்மாணலான தேயிலைக் கொழுந்துச் சாக்குகளைத் திருப்பித் திருப்பி அதற்குள் அடுக்க வேண்டும். எல்லாம் அடங்கிவிட்டால் அடுத்த கட்டம்.

"இன்டர்நெட்ல போட்டுவிடுங்களேன் தம்பி" என்றேன்.

"ஆரு எவருன்னு தெரியாம எப்படிண்ணே குடுக்கிறது? மொகத்தப் பாத்துத்தான் குடுப்பேன்."

முதல் வெளியீட்டில் சத்தமே இல்லை என்று யாரோ குறைப்பட்டார்கள். உடனே இரண்டாவது வெளியீடு. திறந்தவுடன் அசல் லொறி ஹோர்ன் அலறும். ஒரு சாவு வீட்டில் யாருடைய சட்டைப் பையிலோ அது தானாகத் திறந்துகொள்ள, பாடைக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்றாவது வெளியீட்டில் ஹோர்ன் போய் மழை வந்தது. மழை பெய்தால் சாக்குகள் ஊதிப் பெருக்கும். கொழுந்து பறிக்கும் ராசம்மாக்கா கடைக்கு வந்து, போனை அவர் மேசையில் வைத்தார்.

"நனஞ்ச கொழுந்துக்கு கிலோ வெட்டுவாங்களே தம்பி, இதுல வெட்டலையே. ஒங்களுக்கு மலையப் பத்தி ஒன்னுமே தெரியல."

அவமானம் தாங்காமல் அடுத்த கிழமையே நான்காவது வெளியீடு. நனைந்த சாக்குக்குப் புள்ளி வெட்டு. ராசம்மாக்கா மறுபடி வந்தார்.

"மலையிலயும் வெட்டு, வெளையாட்டுலயும் வெட்டா? எடுத்துருங்க."

ஐந்தாவது வெளியீடு அப்படித்தான் பிறந்தது.

அந்த வருட மழையில் ரோட்டோரக் கானில் ஓட வேண்டிய தண்ணீர் கடைக்குள் ஓடியது. அப்டேட்டின் லெப்டொப் ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்து செத்துப்போனது.

"விளையாட்டுக்கு இன்னொரு கொப்பி வச்சிருப்பீங்கதானே?" என்றேன்.

"வச்சேண்ணே. அதே லெப்டொப்புல, வேற ஃபோல்டர்ல."

மூன்று நாள் அவர் கடைக்குள் சேறு அள்ளினார். நாலாம் நாள், விளையாட்டு இன்னும் யாருடைய போனிலாவது இருக்கிறதா என்று தேடிக் கிளம்பினார். எல்லோரும் அழித்துவிட்டிருந்தார்கள், நான் உட்பட. ராசம்மாக்காகூட. மிஞ்சியிருந்தவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டும் சுந்தரம் அண்ணன் ஒருவர்தான். நாற்பத்தோராம் கட்டத்தில் நாலு மாதமாகச் சிக்கிக் கிடந்தார்.

"ஒரு நாளைக்குப் போனக் குடுங்கண்ணே."

"தரமாட்டேன். நான் நிக்கிற எடம் அழிஞ்சிரும்."

எனவே அப்டேட் கடையைப் பூட்டிவிட்டு ஒரு கணக்குக் கொப்பியோடு லொறியில் ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் சில நாள் ஏறினேன். ஒவ்வொரு மடுவக் கொட்டகையிலும் கொழுந்து நிறுத்துச் சாக்குகளை ஏற்றி முடியும்வரை சுந்தரம் அண்ணன் பழைய கட்டங்களைத் திறந்து காட்டுவார். அப்டேட் அவற்றை அப்படியே வரைவார். லொறி புறப்பட்டதும் போன் பைக்குள் போய்விடும். ஒன்பதாம் நாள் நாற்பத்தோராம் கட்டம் வந்தது. வரைந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அண்ணே, லொறியில எடம் முப்பத்தாறு சதுரம்."

"சரி."

"சாக்கு முப்பத்தேழு சதுரம் வருது. பிழையா எண்ணிப் போட்டிருக்கேன். ஆராலயும் அடுக்க ஏலாது."

சுந்தரம் அண்ணன் லொறியை விட்டு இறங்கினார். பாதையோரப் பீலியில் விழுந்த தண்ணீரில் முகம் கழுவினார். திரும்பி வந்து அப்டேட்டைத் தூக்கிக் கீழே போடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அப்ப நான் முட்டாள் இல்ல" என்றார்.

"இல்லண்ணே. நான்தான்."

"இத வீட்டுல வந்து சொல்லணும். நாலு மாசமா எம் பொஞ்சாதி எனக்குப் புத்தி மந்தம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா."

அன்று சாயங்காலமே அப்டேட் அவருடைய லயத்து வீட்டுக்குப் போய், அவர் மனைவி முன்னால் கொப்பியை விரித்துச் சதுரம் சதுரமாக எண்ணிக் காட்டினார். பிறகு, கூடிப்போன ஒரு சதுரத்தைக் குறைத்து, இரவல் லெப்டொப்பில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். ஆறாம் வெளியீடு முதலில் சுந்தரம் அண்ணனின் போனுக்குத்தான் போனது. நாற்பத்தோராம் கட்டத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, அதே கட்டத்தை இன்னொரு தடவை அடுக்கினார்.

இப்போது அப்டேட் கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் கம்பனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் வரும். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"எத்தனாவது கட்டம்ணே?"

"இருபத்தேழுலயே நிக்கிறேன் தம்பி."

உடனே உற்சாகமாகி, எந்தச் சாக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லித் தருவார். நான் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசிக் கட்டத்தை நான் முடித்து இரண்டு வருடமாகிறது.