குறையில்லா ஊரின் பாதிப் பாலம்

மாடவள நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களிடம் வாக்குக் கேட்பார். கேட்ட பிறகு மறுபடியும் அவரே ராஜாவாக இருப்பார். அந்த நாட்டில் போட்ட சாலைகள் எல்லாம் பொன்வாயில் என்ற தலைநகருக்கே போயின. ஆகவே மக்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒருநாள் ராஜா உப்பரிகையில் நின்று பார்த்தபோது தெரு முழுக்கத் தலைகள்தான் தெரிந்தன, தெருவைக் காணோம். "நம் நாட்டில் வேறு ஊர்களே கிடையாதா?" என்று கேட்டார். உண்டு என்று சொன்னால், இத்தனை நாள் அவற்றுக்கு என்ன செய்தீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும். அமைச்சர்கள் விவரமானவர்கள். "தேடிப் பார்த்துச் சொல்கிறோம், அரசே" என்றார்கள்.

தேடுவதற்கு ஒரு துறை பிறந்தது. அதற்கு அறியா ஊர்த் துறை என்று பெயர் வைத்து, மேகவண்ணர் என்பவரை அமைச்சராக்கினார்கள். அவர் சித்திரை மாத வெயிலில் பல்லக்கில் ஏறிப் புறப்பட்டு, மணல் மட்டுமே கிடந்த கொடியாற்றைத் தாண்டி, நாணல்காடு என்ற ஊரில் வந்து இறங்கினார்.

நாணல்காடு உண்மையிலேயே நல்ல ஊர். வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. பிற்பகல் ஆனால் மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்து ஊரையே விசிறிவிட்டுப் போகும். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அங்கே வாழ்பவர்கள் வேறெங்கும் போக நினைத்ததில்லை. நினைத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் போக முடியாது. கொடியாறு அப்போது இரு கரையும் புரண்டு ஓடும். பாலம் இல்லை.

ஊர் விருந்து என்றால் அடுப்பு மூட்டுகிறவள் பேராச்சி. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய மூத்த மகள், ஊர் வைத்தியரும் கைவிரித்துவிட, பிரசவ வலியோடு மூன்று நாள் இந்தக் கரையில் கிடந்து, வெள்ளம் வடியும் முன்னே கண்ணை மூடிவிட்டாள். இப்போது இளையவள் உமையாள் மூன்று மாதம். பேறுகாலம் ஐப்பசியில். பேராச்சி விரலை மடக்கிப் பார்த்த அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரு பாலம்தான்.

ஆனால் அந்தக் கரை ஊர்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி ஊருக்குள் இருக்கும்வரை அவர் காதில் ஒரு குறையும் விழக்கூடாது. சோற்றைப் போட்டுக் காரியம் கேட்டதாக ஆகிவிடுமே என்ற கூச்சம். சாப்பிட்டவரை ஆற்றங்கரை வரை கொண்டுபோய் விட்டு, அவர் ஆற்றில் கால் வைக்கும் முன்புதான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். கேட்டவரும் அதைக் கையோடு கொண்டுபோவார். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

மேகவண்ணர் இலையில் உட்கார்ந்தார். மாங்காய் போட்ட மீன் குழம்பை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்துக் கனிவோடு கேட்டார்: "அம்மா, உங்கள் ஊருக்கு ஏதேனும் குறை உண்டா? அரசு செவிமடுக்கக் காத்திருக்கிறது."

பேராச்சிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "ஒரு குறையும் இல்லைய்யா. குழம்பு இன்னுங் கொஞ்சம் விடட்டுமா?"

பக்கத்தில் நின்ற எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், குழம்பைத் தவிர.

கரையில் சொல்வதற்காக ஊரே தயாராக இருந்தது. ஆனால் உண்ட மயக்கத்தில் மேகவண்ணர் பல்லக்கில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். பல்லக்கு குறட்டையோடு கிளம்பியது. நாற்பது பேர் பின்னாலேயே நடந்து மணல்வரை போனார்கள்.

"எழுப்பிருவமா?" என்று ஊர்த்தலைவர் மாடக்கண்ணு மெல்லக் கேட்டார்.

"உண்டுட்டு உறங்குத மனுசன எப்படிண்ணே எழுப்புதது?" என்றாள் பேராச்சி.

"அதுஞ் சரிதான். திரும்ப வருவாரு, அப்பம் சொல்லிக்கிடலாம்."

பல்லக்கு அக்கரை ஏறிப் புழுதியில் மறைந்தது. அந்த மனிதரை அன்று உலுக்கி எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது கேட்டுப் பயனில்லை. மரியாதை தெரிந்தவர்களுக்கு அது கைவராது.

வைகாசியில் அரசாணை வந்தது. பொன்வாயில் மக்கள் போய்ப் பார்த்துவரத் தக்க முதல் அறியா ஊராக நாணல்காடு தேர்வாகியிருந்தது. 'குறையில்லா ஊர்' என்று பட்டமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். மாடக்கண்ணு பாலம் கேட்டு மனு எழுதி அனுப்பினார். பதினைந்தே நாளில் பதில் வந்துவிட்டது. அதுவே அந்த நாட்டில் ஒரு புதுமை. 'தங்கள் ஊரில் குறை எதுவும் இல்லை என்பது அரசுப் பதிவேட்டில் உள்ளது. இல்லாத குறையைத் தீர்க்கச் சட்டத்தில் இடமில்லை.'

அடுத்த ஆணையில் ஊர் வைத்தியரை ஆற்றுக்கு அந்தப்புறம் மாற்றினார்கள். குறையில்லாதவர்களுக்கு நோய் ஏது? ஆடி மாதம் வாக்குப் பதிவு வந்தது. நாணல்காட்டுக்குப் பெட்டி வரவில்லை. வாக்கு என்பது குறையைச் சொல்வதற்கான கருவி என்றும், அதை வீணில் சுமக்கும் தொல்லையிலிருந்து அவ்வூர் மக்களை ராஜா விடுவித்துவிட்டார் என்றும் பறையடித்தார்கள். பிறகு ஊரில் இருந்த ஒரே பரிசலை, தொன்மைச் சின்னம் என்று சொல்லி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு வண்ணம் பூசி, பட்டு நாடா கட்டி, மேடையில் ஏற்றி வைத்தார்கள். வெள்ளம் கொஞ்சம் தணிந்திருக்கும் நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க அது ஒன்றுதான் இருந்தது.

ஆவணியில் அக்கரையில் கல் இறக்கும் சத்தம் கேட்டது. பேராச்சி ஓடிப்போய்ப் பார்த்தாள். தூண் தூணாக நட்டு, மேலே கல் பாவிக்கொண்டு வந்தார்கள். அவள் உமையாளைக் கூட்டிவந்து காட்டினாள். "பாத்தியா, ஐப்பசிக்குள்ள வந்துரும் பாரு." அன்று இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பாலம் நட்டாறுவரை வந்தது. அங்கே ஒரு கைப்பிடிச் சுவர் எழுப்பி, நிழலுக்குக் குடையும் நட்டு, கொத்தனார்கள் கருவிகளைக் கழுவத் தொடங்கினார்கள்.

பேராச்சி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப்போய் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். "ஐயா, இன்னும் பத்துத் தூண் நட்டா எங்க கரைக்கு வந்துருமே."

"வந்துவிடும், அம்மா. அங்கேதான் ஆபத்து" என்றார் அவர். "இது பாலமன்று, பார்வை மேடை. எல்லோரும் சுலபமாக உங்கள் ஊருக்கு வந்துவிட்டால் அப்புறம் அது அறியா ஊராக எப்படி இருக்கும்? உங்கள் நன்மைக்காகவே பாதியில் நிறுத்தியிருக்கிறோம்."

"நாங்க அங்க வரணும்லா, ஐயா."

"குறையில்லாத ஊரைவிட்டு நீங்கள் ஏன் வர வேண்டும்?" அவர் உண்மையாகவே வியந்து கேட்டார்.

மேடை திறந்ததும் பொன்வாயில் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மேடையின் நுனியில் நின்று நாணல்காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "இருந்தால் இப்படி ஓர் ஊரில் இருக்க வேண்டும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பொழுது சாயும் முன் வீடு திரும்பினார்கள்.

ஐப்பசி இருபதாம் நாள் காலையில் உமையாளுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். ஆறு பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது; ஆனாலும் பரிசல் தாங்கும் வெள்ளம்தான். நட்டாற்றில், கல் மேடையில், வெள்ளம் பார்க்க வந்த இருபது பேர் குடை பிடித்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பட்டு நாடா கட்டிய பரிசல் தெரிந்தது. அதற்கும் பின்னால் வைத்தியர் வீட்டுக் கூரை.

அது ஆற்றங்கரை. அங்கே குறை சொல்லலாம். பேராச்சி சொன்னாள். மூத்தவள் செத்ததைச் சொன்னாள். பாலம் கேட்டதை, வைத்தியரைக் கொண்டுபோனதை, பரிசலைக் கட்டிவைத்ததைச் சொன்னாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசி வீசி, நெஞ்சு கிழியும்படி கத்தினாள். ஊரே கை வீசிக் கத்தியது. வெள்ள இரைச்சலில் ஒரு சொல்லும் மேடையை எட்டவில்லை. மேடையில் நின்றவர்களும் மகிழ்ந்து கைகளை வீசினார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையைத் தூக்கி, அதன் கையையும் பிடித்து ஆட்டிக்காட்டினாள்.

பிற்பகல், மலைக்காற்று கிளம்பும் நேரத்தில் உமையாள் போய்விட்டாள். பிள்ளையும் வெளியே வரவில்லை. பேராச்சி அழவில்லை. ஒரு மனிதப் பிறவிக்கு இரண்டு முறை இதே கரையில் அழ முடியாது.

மேடையில் வைத்திருந்த பார்வையாளர் ஏட்டில் அன்று இப்படி எழுதியிருந்தது: 'கொட்டும் மழையிலும் ஊர் மக்கள் கரைவரை வந்து, கட்டிலில் கிடந்த ஒரு நோயாளியைக்கூட அழைத்துவந்து, எங்களுக்குக் கையசைத்தார்கள். இந்த அன்பு நகரத்தில் கிடைக்குமா?'

அந்த வரிக்காகவே நாணல்காட்டுக்கு விருது கிடைத்தது. தை மாதம் ஆறு முழங்காலளவுக்கு வற்றியதும் மேகவண்ணர் விருதுக் கல்லோடு பல்லக்கில் வந்தார். இலை போடவில்லை. ஊரில் ஓர் அடுப்பிலும் புகை இல்லை. பேராச்சி நடுத்தெருவில் நின்றாள்.

"உக்காராதீங்க, ஐயா. இந்த ஊர்ல குறை இருக்கு. ரெண்டு புள்ளைகளத் தூக்கிக் குடுத்திருக்கேன். எங்களுக்குப் பாலம் வேணும்."

விருந்தாளியின் முகத்துக்கு நேரே இப்படி ஒரு பேச்சு அந்த ஊரில் அதுவரை கேட்டதில்லை. மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார், ஆனாலும் தடுக்கவில்லை. மேகவண்ணர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுத்தரிடம் திரும்பி, "பதிவுசெய்யும். இவ்வூரில் குறை உண்டு" என்றார். விருதுக் கல் மறுபடியும் பல்லக்கில் ஏறியது.

பத்தாம் நாள் கொத்தனார்கள் மேடைக்கு வந்தார்கள். உளிச் சத்தம் கேட்டு ஊரே கரைக்கு ஓடியது. பேராச்சி தண்ணீரில் இறங்கி மேடையின் அடிவரை போனாள். சொன்னால் கேட்கிறார்கள், முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்தாள். நுனியில் நின்ற கொத்தனார் முதல் கல்லைப் பெயர்த்து வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா கொண்டு போறீங்க?"

"தாழைமேட்டுக்குத் தாயி, உங்க கரையிலயே மேல ரெண்டு நாள் பயணம். உங்க ஊரு பட்டியல்லருந்து போயிட்டுல்லா. குறை உள்ள ஊரப் பாக்க யாரு வருவா? அமைச்சரு போன வாரம் அங்க விருந்து சாப்பிட்டாராம். அந்த ஊர்ல ஒரு குறையும் இல்லையாம்."

தண்ணீர் பேராச்சியின் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"கரைக்கு வரும்போது உறங்கிட்டாராமா?"

"பல்லக்குலேயே உறங்கிட்டாருன்னுதான் சொன்னாங்க."

"அங்க புள்ளத்தாச்சி யாரும் இருக்காளாய்யா?"

"அது எனக்கு எப்படித் தாயி தெரியும்?" என்ற கொத்தனார், அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த கல்லில் உளியை வைத்தார்.