இருபது தடவையும் பாஸ்

இனி இந்த ஜென்மத்தில் பாத்திரம் கழுவுவதில்லை என்று நம்மவர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றபோது.

நம்மவருக்குத் தொழில் புரோகிராம் எழுதுவது. ஆபீசில் எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுவார்கள். அவருக்குக் கீழே வேலை செய்ய ஒரு ஈ காக்காய் கிடையாது, இருந்தாலும் கூப்பிடுவார்கள். மனைவி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட வேண்டுமானாலும் அந்த அம்மாள் ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் பாத்திரம் கழுவுவது ஆளுக்கொரு நாள் என்று ஏற்பாடு. ஆனால் "நேத்து நான்தானே?" "இல்ல, நேத்தும் நான்தான்" என்று தினமும் வழக்கு நடக்கும். தீர்ப்பு மட்டும் தவறாமல் நம்மவர் தலையில்தான் விடியும்.

ஆகவே மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு கருவி எழுதினார். பெயர் 'முறை'. படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் 'முறை' என்று அடித்து என்டர் தட்டினால், கணினியே குலுக்கல் போட்டு இன்று யார் கழுவ வேண்டும் என்று சொல்லிவிடும்.

இது வெளியே சொன்னது. உள்ளே குலுக்கலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மனைவியின் பெயரைப் பச்சையாக எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வோமே என்று, எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் லாகின் பெயரையே எடுத்துச் சொல்லும்படி செய்திருந்தார். மனைவியின் லேப்டாப்பில் லாகின் பெயர் 'இன்ஸ்பெக்டர்'. அதில் ஒருமுறை நிறுவிவிட்டால் ஆயுசுக்கும் அவள்தான். தன் மூளையை நினைத்து நம்மவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புரோகிராம் ஃபைலை அவள் லேப்டாப்பில் ஏற்றி வைத்துவிட்டு, "நாளைக்கு இன்ஸ்டால் பண்ணி ஓட்டிப் பாத்துடலாம்" என்றார்.

மறுநாள் மனைவி பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

"இவங்க எதுக்கு?"

"சாட்சி இல்லாம டெஸ்ட் பண்ணா எங்க ஆபீஸ்ல செல்லாதுங்க."

"இது லிஃப்ட் இல்லம்மா."

"விழுந்தா அடிபடறது மனுஷன்தானே? ஆரம்பிங்க."

நம்மவர் நிறுவும் கட்டளையை அடித்தார். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது திரை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் வாசகம் என்பதால் அவர் அசரவில்லை. மனைவி பாஸ்வேர்டை அடித்தாள். உடனே ஏறிவிட்டது.

"முறை, பதிப்பு ஒன்று. பாத்தியா? இன்ஸ்டால் ஆயிடுச்சு!"

"ஆனா போதுமா? ஓடணுமில்ல. தட்டுங்க."

தட்டினார்.

'இன்று பாத்திரம் கழுவ வேண்டியவர்: பாஸ்.'

நம்மவர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இரு இரு, ஏதோ தப்பு. இன்னொரு தடவை."

'பாஸ்.'

"என் மெஷின்ல நல்லா ஓடுச்சே!"

"உங்க மெஷின்ல யார் பேரு வந்துச்சு?"

"என் பேரு."

"இங்கயும் அதேதான் வருது. அப்புறம் என்ன?"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையாகத் தட்ட ஆரம்பித்தாள். டாக்டரம்மா கடைவாய்ப் பல்லை எண்ணுவதுபோல் எண்ணினார். இருபது தடவை. இருபதும் பாஸ்.

"குலுக்கல்னு சொன்னீங்களே, ஒருதடவைகூட இவங்க பேரு வரலையே?" என்றார் டாக்டரம்மா.

"அதானே!" என்றாள் மனைவி. "ஏங்க, கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. திறந்து பாத்துடலாம். மொத்தம் எத்தனை வரி?"

"நா... நாப்பது."

"நாப்பதுதானா? டாக்டரம்மாவும் இருக்காங்க. ஒவ்வொரு வரியா சத்தம் போட்டுப் படிச்சிடலாம்."

நம்மவருக்கு வேர்த்துக் கொட்டியது. கோளாறு என்றால் மானம் போகும். கோளாறு இல்லை என்றால் கை போகும். மானம் போவதை விடக் கை போவதே மேல் என்று தீர்மானித்தார்.

"கோளாறெல்லாம் இல்ல. சரியாத்தான் ஓடுது."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஆமா."

மனைவி கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். நிறுவல் சரி, இயக்கம் சரி, முடிவில் மாற்றம் இல்லை என்று மளமளவென்று எழுதினாள். நம்மவர் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"தேறின பொருள்ல யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. அடுத்த வருஷம் மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்."

"ஒரு வருஷமா?"

"லிஃப்ட்டுக்கும் அவ்வளவுதாங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நம்மவர் தொட்டிக்குப் போனார். கரண்டி, தட்டு, வாணலி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே மனத்துக்குள் நாற்பது வரியையும் புரட்டினார். ஒரு பிழையும் தட்டுப்படவில்லை. அழுகையாகக்கூட வந்தது. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ரொம்ப யோசிக்காதீங்க. புரோகிராம்ல தப்பே இல்ல. நேத்து நீங்க குளிக்கப் போனதும் என் லாகின் பேரை 'பாஸ்'னு மாத்திட்டேன்."

நம்மவர் கையிலிருந்த குக்கர் மூடி நழுவித் தொட்டியில் விழுந்தது. "அப்போ... நாப்பது வரியையும் படிச்சியா?"

"வரைபடத்தைப் படிக்காம நான் என்னைக்குங்க லிஃப்ட்ல ஏறியிருக்கேன்?" என்றபடி மனைவி அந்த மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது தேறல. மறுபடி தேயுங்க."