ஸ்டோர் பேரைச் சொன்னால்தான் சேதி

போடிமெட்டு எஸ்டேட்,
ஐப்பசி, 1983

மரியாதைக்குரிய சம்பந்தி காசிமாயன் அவர்களின் சமூகத்துக்கு வேலுச்சாமி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, கூட இருக்கும் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா என்று அறிய ஆவல். இங்கே தங்கள் மருமகள் செல்லக்கிளி, மாடு கன்று, மழை எல்லாம் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். தங்கள் காலில் விழ வேண்டியவன், மதுரை தூரம் என்பதால் கடிதத்தில் விழுகிறேன்.

"நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவரு, நான் வர்ற வரைக்கும் ஏலக்காய் உலர்த்துறதைப் பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன புத்தி கேட்கவில்லை. காய் உலர்த்துகிற மூன்று ஸ்டோருக்கும் மேடு ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காததால், பழைய ராணுவ டெலிபோன்களை வாங்கி, ஒவ்வொரு ஸ்டோரிலிருந்தும் பங்களாவுக்குக் கம்பி இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மணியில் சேர்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாச் சேதியும் வாங்க வேண்டும் என்பது என் திட்டம். "சின்னது பெருசு பாக்காதீங்க, எது நடந்தாலும் சொல்லுங்க" என்று ஆட்களிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

சொன்னாங்கய்யா சொன்னாங்க! விறகு வந்துருச்சு, விறகு ஈரம், பூனை குட்டி போட்டுருச்சு, குட்டி ஒண்ணைக் காணோம், இந்தா கெடைச்சிருச்சுன்னு மணி ஓயவே இல்லை. எந்த ஸ்டோரில் பூனை, எந்த ஸ்டோரில் விறகு என்று எனக்குப் புரியவில்லை. உடனே சட்டம் போட்டேன். முதலில் ஸ்டோர் பேர், பிறகு சேதி. பேர் சொல்லாவிட்டால் போனை வைத்துவிடுவேன். என்னைக் கேட்காமல் அடுப்பில் கை வைக்கக் கூடாது. ஆவி போகிற ஜன்னல்களையும் பூட்டி, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

தங்கள் பாட்டனார் பேரில் மலைச்சாமி ஸ்டோர் இருக்கிறதல்லவா, அதில் அடுப்புப் பார்க்கிறவனும் மலைச்சாமிதான். செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காய்ச்சல் என்று போடிக்குப் போய்விட்டான், அவன் பெண்டாட்டி சுருளியம்மாள் அடுப்பில் நின்றாள். மத்தியானம் மணி அடிச்சுச்சு.

"அய்யா, சூடு ஏறிப்போச்சுய்யா, வெரசா சாவியைக் கொண்டாங்க!"

"எந்த ஸ்டோர்?"

"நாந்தேன்யா, சுருளி."

"உன் பேரையா கேட்டேன்? ஸ்டோர் பேரைச் சொல்லு."

"அதேன்யா... எங்க வீட்டுக்காரவுக சோலி பாக்குற ஸ்டோரு..."

வச்சுட்டேன், சம்பந்தி. குரல் தெரிந்தும் வைத்தேன். மறுபடி அடித்தாள், மறுபடி வைத்தேன். மூன்றாம் தரம் அழுதாள். "சட்டம்னா சட்டம்தான் ஆத்தா"ன்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சேன். அந்தக் காப்பி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. கடைசியில் அவளே மேடேறி மூச்சிரைக்க ஓடி வந்தாள். நான் போய் ஜன்னலைத் திறந்தபோது, கிளிப்பச்சையாக இருந்த காய் எல்லாம் புளியங்கொட்டை நிறத்தில் கிடந்தது. இந்த வருடத்து முதல் தரக் காய், ஏலத்துக்குத் தாங்கள் ஒதுக்கி வைத்தது.

"ஏம்ப்பா, அந்தக்கா புருஷன் பேரைச் சொல்லுமா? எங்கம்மா ஒன் பேரைச் சொல்லி நீ என்னைக்காச்சும் கேட்டுருக்கியா?" என்று செல்லக்கிளி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமனார் வந்தா எந்த மூஞ்சியோட முன்னால நிக்கிறதுன்னு பிள்ளை சோறு திங்கல. எனக்கு மானம் போயிருச்சு, போகட்டும். கோபத்தை என் தலையில் கொட்டுங்கள்; என் மகளை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

இனி இப்படி நடக்காது. எஸ்டேட்டில் உள்ள பொம்பளைகள் அத்தனை பேரிடமும் விசாரித்து, யார் புருஷனுக்கும் இல்லாத பேராக அந்த ஸ்டோருக்கு வைத்துவிட்டேன். பெருமைக்கு இல்லை, வேறு பேர் அமையாததால் வேலுச்சாமி ஸ்டோர் என்று என் பேரையே வைத்தேன். கதவில் கொட்டை எழுத்தில் எழுதியும் ஆயிற்று. மணிப் பக்கமே இனி நான் போவதில்லை. பொறுமைசாலி என்பதால் தங்கள் சம்பந்தியம்மாள் அய்யம்மாளையே போனுக்கு உட்கார வைத்திருக்கிறேன். தாங்கள் நிம்மதியாகக் கண்ணைக் கவனித்துக்கொண்டு, நீண்ட ஆயுளோடு வந்து என்னைத் திட்ட வேண்டுமென்று சுருளி வேலப்பரை வேண்டும்,

தலைகுனிந்த
வேலுச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மணி அடித்தது. அய்யம்மா எடுத்துக் கேட்டுட்டு, "ஏங்க, சூடு ஏறுதாம், சாவியோட வெரசா ஓடுங்க!"ன்னு கத்துனா. எந்த ஸ்டோருடின்னு கேட்டேன். என்னையே கையைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணுமில்லடி, ஸ்டோரைச் சொல்லு!"ன்னு நான் கத்த, அவள் மறுபடியும் என் நெஞ்சையே காட்டினாள். மற்ற ரெண்டு ஸ்டோருக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், அங்கே ஒன்றுமில்லை. இப்போ புகை வர்ற ஸ்டோர் கதவுல என் பேருதான் இருக்கு, சம்பந்தி.