அம்மாவின் கால்மேல் போட்ட பழி

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் பயந்துகொண்டே எழுதுவது.

நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். பயத்தோடு கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நீங்கள் வந்து எங்கள் கார் என்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, "இனிமே வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வெண்ணெயா? மறுநாளே பிரேக் பெடல் கருங்கல்லாகிவிட்டது. அம்மா மிதிக்கிறாள், அது இறங்குவேனா என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுத்தரும் அப்பா, "மிதிக்கச் சொன்னா தடவிக் குடுக்கிறியே, அது என்ன பூனைக்குட்டியா?" என்கிறார். நிற்கும் இடத்தில் என்ஜின் உதறினால், "நீ பயப்படுறதப் பாத்து வண்டியும் பயப்படுது" என்கிறார். அவரும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். இறங்கும்போது நொண்டினார். கேட்டதற்கு, செருப்பு கடிக்கிறதாம்! உங்களுக்குப் போன் செய்தால், வண்டியை வந்து பார்க்காமலே, "வண்டி அம்சமா இருக்கு அத்தான், அக்காவுக்குத்தான் கால்ல தெம்பு இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது மாமா. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா மாடிப்படி ஏறி ஏறி இறங்குகிறாள். அடுப்படியில் நிற்கும்போதும் ஒரு காலால் சுவரை மிதித்துக்கொண்டே நிற்கிறாள். சுவரில் பாதம் அச்சாக விழுந்துவிட்டது, அதற்கும் அப்பாவிடம் திட்டு. இவ்வளவு செய்தும் நேற்று தெருமுனைச் சரிவில் வண்டி நிற்கவில்லை. அம்மா இரண்டு காலாலும் பெடல்மேல் ஏறி நிற்காத குறை. அப்பா கைபிரேக்கை இழுத்தார். வண்டி, தெருமுனைக் காவல்காரரின் நாற்காலியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. நல்லவேளை, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். திரும்பி வந்து, "நாற்காலி வேணும்னா கேட்டா குடுக்க மாட்டேனாம்மா?" என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நாளன்னிக்கு லைசென்ஸ் டெஸ்டுக்கு நான் வரல. என் காலுக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். லைசென்ஸ் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூட வேலை போய்விடும். இரவு ஷிப்டுக்குப் பஸ் கிடையாதே. அந்த வேலைக்காக அம்மா எப்படிப் படித்தாள் என்று உங்களுக்குத் தெரியாதா? புத்தகம் வாங்கித் தந்ததே நீங்கள்தானே!

அதனால் ஒரு காரியம் செய்தேன். இன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மாவின் போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். என்ஜினைப் போடாமல் பெடல் இறுகும்வரை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வண்டி காலுக்கு உதவி செய்கிறது என்று அர்த்தம். கியரில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன். துளி அசையவில்லை மாமா! முன்பக்கம் உஸ் என்று ஒரே சத்தம். பானெட்டைத் திறந்தேன். பெடலுக்கு நேர் எதிரே உருண்டையாக ஒரு டப்பா இருக்கிறதே, காலுக்கு அந்த உதவியைத் தருவது, அதற்கு என்ஜினிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாய் பாதி கழன்று கிடக்கிறது. அதன் கிளிப் லொடலொடவென்று தொங்குகிறது. சுத்தம் செய்யக் கழற்றியது யார்? இறுக்க மறந்தது யார்? அம்மாவின் காலா?

அப்பாவிடம் சொன்னால், "சாவிய யார் குடுத்தா?" என்றுதான் முதலில் ஆரம்பிப்பார், என் தோல் உரிந்துவிடும். அம்மாவிடம் சொன்னால், "என் தம்பியவா குத்தம் சொல்றே?" என்பாள். இந்த வீட்டில் உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஆகவே நீங்களே வாருங்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது இதை உங்கள் பட்டறைக் கதவிடுக்கில் போட்டுவிடுவேன். குழாயை மாட்டிவிட்டு நைசாக நழுவலாம் என்று நினைக்காதீர்கள். "தப்பு என் கையிலதான்க்கா, உன் கால்ல இல்ல" என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பட்டறை செழிக்கட்டும். அங்கே கழற்றுகிற கிளிப்பெல்லாம் திரும்ப இறுகட்டும்.

இப்படிக்கு,
கோபமாக இருந்தாலும் உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: கிழிக்க வேண்டாம், பட்டறைக்கு நான் வரவும் மாட்டேன். குளியலறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்து அம்மா வந்துவிட்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். திட்டவே இல்லை. "சாவி எங்க?" என்றாள், அவ்வளவுதான். நான் போன் வெளிச்சம் காட்ட, அம்மாவே குழாயைச் செருகி, கத்தி முனையால் கிளிப்பை இறுக்கினாள். பிறகு உட்கார்ந்து மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தாள். பெடல் இறங்கியது மாமா! அம்மா சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பாவிடம், "காலையில டெஸ்டுக்கு என்கூட வர்றீங்க. வாயத் திறக்காம வர்றீங்க" என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார். இந்தக் கடிதத்தை அம்மாவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் கையில் தருவாளாம். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாளாம். எழுத இனி ஒன்றுமில்லை. மெதுவாகத் தலையை நிமிர்த்துங்கள் மாமா.