ஊசி தொடாத ஒரு நாள்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்பி, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நர்ஸ் என்கிற முறையில் நீ என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "பண்டிகைக் கூட்டம் ஓஞ்சதும் ஒரே ஒரு நாள் ஊசியைத் தொடாம சும்மா இருந்து காட்டு. இல்லேன்னா நானே வந்து கடைச் சாவியை வாங்கிட்டுப் போயிடுவேன்" என்றாயே, அந்த நாள் இன்றுதான். ஜெயித்துவிட்டேன். சாவிக்காக நீ பஸ் ஏற வேண்டாம். எழுதுவதும் கைக்கு வேலைதானே என்று, இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள். என் ஓய்வு எப்பேர்ப்பட்டது என்று இதிலிருந்தே புரிந்துகொள்.

காலையில் கடை ஷட்டரில் ஓர் அட்டை மாட்டினேன். 'இன்று விடுமுறை. அவசரமானால் மாடிக்கு வரவும்.' இரண்டாவது வரி எதற்கு என்று மனைவி கேட்டாள். வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாது என்பதற்காக எழுதியது, இங்கிதம் தெரிந்தவர்கள் யாரும் நிஜமாகவே மாடி ஏறமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தேன். கழுத்தில் அளவு டேப் தொங்குகிறதே என்று முறைத்தாள். அது இல்லாவிட்டால் எனக்குக் கழுத்தே இல்லாதது போலிருக்கிறது. அதை வேலைக் கணக்கில் சேர்க்காதே.

கண் அசருவதற்குள் எதிர்வீட்டு வக்கீல் மாடி ஏறிவிட்டார். நான் தைத்த புது பேன்ட், குனிந்து ஷூ மாட்டும்போது பின்பக்கம் தையல் விட்டுப்போனதாம். அவர் விருந்து விருந்தாகப் போய்ச் சாப்பிட்டதற்கு என் தையல் என்ன செய்யும்? ஆனாலும் கோர்ட்டுக்குப் போக வேண்டிய மனிதர், எங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். நான் அசையவில்லையே. படுத்தபடியே மனைவிக்கு வழி சொன்னேன், அவள் சோபாக் கைப்பிடியில் துணியை விரித்துத் தைத்தாள், அழகாகவே தைத்தாள், கடைசியில் பேன்ட்டைத் தூக்கினால் சோபா உறையும் கூடவே வருகிறது. (அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள் போலிருக்கிறது.) அதைப் பிரித்தெடுக்க வக்கீலே உட்கார்ந்தார். அதற்குள் மேல்தெரு டீச்சர் கவுன் கையைச் சுருக்க வந்தார், அவர் பின்னால் கோட்டும் கையுமாக டாக்ஸி டிரைவர். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆளுக்கொரு ஊசியைக் கொடுக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டேன். மத்தியானம் ஹால் முழுக்க ஆட்கள் தைக்க, நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். வாய்தான் கொஞ்சம் வலிக்கிறது. வாய்க்கு ஓய்வு கொடு என்று நீ சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். நீ வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழாவுக்குக் கோட் தைக்கச் சொல்லிக் கொடுத்த நீலத் துணி, கூட்டத்துக்கு முன்பிருந்தே ஆணியில் பையோடு தொங்குகிறது. அதை இன்றைக்கும் தொடவில்லை. ஓய்வென்றால் ஓய்வு, அக்காவானாலும் சரி. விழாவுக்கு இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொள், உனக்கு எதுவும் எடுப்பாகத்தான் இருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. மூத்தவள் உன் ஆசீர்வாதம் எப்போதும் போல என் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படுத்தபடியே முடிக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நானா எழுதுறது. மிஷின் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாரும் போனதும் உங்க தம்பி கீழே வந்து, ஷட்டரைப் பாதி ஏத்தி, முதல் காரியமா உங்க நீலத் துணியைத்தான் எடுத்தார். இந்தக் கடிதம் முழுக்க மிஷினை மிதிச்சுக்கிட்டே சொன்னது. நான் தடுத்துப் பார்த்தேன். "ஊர்ல எல்லாருக்கும் தெச்சுட்டேன், எங்கக்கா மட்டும் பழசைப் போட்டுக்கிட்டு மேடையில நிப்பாளா"ன்னார். நீங்க அவசியம் சாவி வாங்க வாங்க. தோள்பட்டையை மட்டும் உங்களை நிக்க வெச்சுப் பார்த்துத்தான் முடிப்பாராம். பட்டன் நான் தெச்சது, அதைக் கண்டுக்காதீங்க.