தீர்மானம் அண்ணியும் குளத்துத் தண்ணீரும்

எங்கள் ஊரில் மழை ஒன்றுதான் என் அண்ணியின் தீர்மானம் இல்லாமல் பெய்து கொண்டிருந்தது. ஒரு ஐப்பசியில் வானம் காய்ந்தபோது அதற்கும் ஒன்று போட்டுப் பார்த்தார். மறுநாள் பெய்த மழையில் சமுதாயக் கூடத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு ஊரே அவரைத் ‘தீர்மானம்’ என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் எனக்கே சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மன்னார்குடிக்குத் தெற்கே, முத்துப்பேட்டை பஸ் மனசு வைத்தால் நிற்கிற ஊர் அது. ஊர்க் குளத்தை வெளியூர் ஆள் ஒருவர் வருஷா வருஷம் குத்தகைக்கு எடுத்து, மீனை அள்ளிக்கொண்டு, சேற்றை எங்களுக்கு விட்டுப் போவார். பிறகு ஊரே கமிட்டி போட்டுக் குளத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கமிட்டி நடத்துவது எப்படி என்று சொல்லித்தர மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்காகப் போனார்கள். அண்ணி மட்டும் பாடத்துக்காகப் போய்விட்டார்.

ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும். இந்த மூன்றையும் அண்ணி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தஞ்சாவூரில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

“இன்னைக்கு வத்தக்குழம்புன்னு நான் முன்மொழியறேன். வழிமொழியறவங்க?”

“பசிக்குது” என்பார் அண்ணன்.

“அது வழிமொழியறதா, ஆட்சேபணையா? தெளிவா சொல்லுங்க.”

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. கும்பகோணத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். “இந்தச் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டு சார்புல நான் முன்மொழியறேன்.” பெண்ணின் சித்தப்பா என் காதருகே வந்து, “எந்தக் கட்சிங்க?” என்று கேட்டார். எனக்கு வாயிலிருந்த பஜ்ஜி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. ஆனால் தேர்தல் சமயத்தில் என் மாமனார் இன்றும் அண்ணியிடம் அளந்துதான் பேசுவார்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை பாய் பிடித்துக்கொள்வார். “வாங்க தம்பி. நம்ம கடை டீயில சர்க்கரை ஜாஸ்தின்னு உங்க அண்ணி தீர்மானம் போட்டுட்டாங்க. கை நடுங்கிக்கிட்டே போடறேன், குடிச்சுப் பாத்துட்டு நல்லபடியா சொல்லுங்க.” கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டிவிட்டு, கொதிக்கிற டீயை அப்படியே விழுங்கிவிட்டு நடையைக் கட்டுவேன்.

இவ்வளவுக்கும் குளம் நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கமிட்டி விட்ட குஞ்சுகள் கெண்டையாக வளர்ந்தன. அறுப்பு முடிந்து வேலை இல்லாத கோடையில், நிலமில்லாத வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த மீனால்தான். குளத்தில் ஒரு அளவுக்கல் உண்டு. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால் யாரும் இறைக்கக் கூடாது, இறைத்தால் மீன் செத்துப்போகும் என்பது ஊர் சேர்ந்து போட்ட விதி.

போன சித்திரையில் அந்த விதியை மீறியது என் அண்ணன்.

கோடைப் பருத்தி போட்டிருந்தார். காய் பிடிக்கிற நேரத்தில் செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அளவுக்கல் வெளியே தெரிய ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே ஆயில் என்ஜினைக் கொண்டுபோய்க் குளக்கரையில் இறக்கி, தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டார். பதினோரு மணிக்குக் கமிட்டிக் கூட்டம். நான் சமுதாயக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஊரில் குடியிருப்பவர்கள்தான் உறுப்பினர்கள், எனக்குக் கை தூக்க உரிமை கிடையாது.

அண்ணி எழுந்தார். “அளவுக்கல்லுக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு தண்ணி எறைக்கிறாரு. என்ஜினை நிறுத்தணும், இந்தக் கோடை முழுக்க அவருக்குக் குளத்துத் தண்ணி கெடையாதுன்னு முன்மொழியறேன். வழிமொழியறவங்க?”

குளத்துப் பக்கமிருந்து என்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பே கூசியது. கூடப் பிறந்தவன் ஊர்த் தண்ணீரைத் திருடுகிறான், அதை அவன் பெண்டாட்டியே சபையில் நின்று சொல்கிறார். ஜன்னலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “வீட்டோட பேசித் தீத்துக்கக் கூடாதாம்மா?”

“வீட்டுல பேசினா அது எங்க வீட்டுக் குளமா ஆயிடுமே ஐயா. வழிமொழியறவங்க?”

புருஷன் மேல் பெண்டாட்டி கொண்டுவரும் தீர்மானத்தை எந்த முகத்தோடு வழிமொழிவது என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த மீனை நம்பியிருந்தவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள். வழிமொழிய ஆளில்லாமல் அண்ணி உட்காரவும் மாட்டார், மேலே பேசவும் மாட்டார். அவர்பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தார்.

திடீரென்று என்ஜின் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. வாங்கிவர ஆள் தேடிக்கொண்டு அண்ணன் காலி கேனோடு வாசலில் வந்து நின்றார். விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை; எல்லோர் கண்ணும் அந்தக் கேன் மேலேயே இருந்தது.

“வழிமொழியறவங்க?” என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

அண்ணன் கேனைக் கீழே வைத்தார். “எவ்ளோ நேரமா நிக்கிறா இவ? இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குமா வாயில்ல?” அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “நான் வழிமொழியறேன்” என்றார்.

“சம்பந்தப்பட்டவங்களே வழிமொழியலாமான்னு விதியில இல்லீங்க” என்றார் அண்ணி.

“கூடாதுன்னும் இல்லல்ல? உக்காரு மொதல்ல.”

ஒவ்வொரு கையாக மேலே எழுந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அண்ணி எங்கள் வீட்டு அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகப் பருத்திக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அவ்ளோ செடிக்கும் குடத்துல ஊத்தி ஆவுமா அண்ணி?”

“ஆவாது தம்பி. ஆனா உங்கண்ணன் ராத்திரியிலேந்து வரப்புல உக்காந்து செடியவே பாத்துக்கிட்டிருக்காரு. என்னால சும்மா இருக்க முடியல.”

பஸ்ஸை விட்டுவிட்டேன். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, ஒரு குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்து அவர் பின்னாலேயே நடந்தேன். சட்டையெல்லாம் நனைந்ததைத் தெருவே பார்த்துச் சிரித்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணிக்குப் பின்னால் நடக்கக் கிடைத்த அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.